பலாக்கட்டை கிட்டாருக்கு வயரிங்கும் எர்த்தும்: முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறையில் மிஞ்சிக் கிடந்த பலாக்கட்டை ஒன்று என் கைக்கு வந்தது. ஒட்டு வீணைக்கே போதாத அளவு. ஆனால் அடுப்பில் வைக்க மனசு வராத மஞ்சள். அதில்தான் என் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரின் உடலைச் செதுக்கினேன். மரவேலைக்கும் பாலிஷுக்கும் எட்டு மாதம் பொறுமையாக இருந்தவன், வயரிங்கை மட்டும் ஒரே ராத்திரியில் முடித்தேன். மறுநாள் ஆம்ப்ளிஃபயரில் செருகினால் தம்புரா மாதிரி விடாமல் ஓர் ஒலி. தம்புராவாவது சுருதியில் நிற்கும். இது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் கலந்த ஹம். 5 கட்டைக்குக் கொஞ்சம் மேலே தொங்கும், எந்தப் பாட்டோடும் சேராது.

பிரித்துப் பார்த்தேன். தந்திகள் உட்காரும் பிரிட்ஜுக்குப் போக வேண்டிய எர்த் வயரை நான் போடவே இல்லை. விலை இரண்டு ரூபாய்கூட இருக்காது. அதைப் போடுவதற்கு உடலில் புதிதாக ஒரு நீளத் துளை போட வேண்டியிருந்தது, அதுவும் பாலிஷ் போட்ட பிறகு. அதனால்தான் இந்த வழிகாட்டியில் துளையிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன்.

முதலில் எர்த் என்றால் என்ன

எர்த் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பமெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

கிட்டாருக்குள் இருக்கும் எர்த், பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும், காந்தமும் செம்புச் சுற்றும் உள்ள கட்டை) பிறக்கும் சிக்னல் திரும்பிப் போகும் பாதை. உள்ளே இருக்கும் உலோகம் அத்தனையும் அதில் சேர்ந்திருந்தால் காற்றில் திரியும் இரைச்சலை அவை வாங்கி அப்படியே திருப்பி அனுப்பிவிடும். இது கேபிளைச் செருகும் ஜாக்கின் உள்வளையம் வழியாக, உள் வயரைச் சுற்றியிருக்கும் உலோக வலையான கேபிளின் சல்லடைக்கும், அங்கிருந்து ஆம்பின் உலோகக் கூடான சேசிஸுக்கும் போகிறது. இரண்டாவது, ஆம்பின் மூன்று பின் பிளக்கிலிருந்து சுவருக்குள் போய் வீட்டுக் கொல்லையில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழிக்கு இறங்கும் எர்த். முதலாவது உங்கள் காதுக்கு, இரண்டாவது உங்கள் உயிருக்கு. இரண்டும் ஆம்பின் சேசிஸில் சந்திக்கின்றன. ஆகவே உங்கள் விரல் தொடும் தந்தி, கடைசியில் அந்தக் குழியோடு சேர்ந்திருக்கிறது, அல்லது சேர்ந்திருக்க வேண்டும்.

எந்த அமைப்பை வயர் செய்யப் போகிறோம்

மூன்று சிங்கிள் காயில் (ஒரே சுற்று உருளை உள்ள) பிக்கப், எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்ச், ஒரு வால்யூம், ஒரு டோன். 1954-ல் ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் வழி வந்த அமைப்பு. அதில் முதலில் மூன்று நிலை சுவிட்சுதான் இருந்தது. வாசிப்பவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே தந்திரமாக நிறுத்தி வாசித்ததைப் பார்த்துத்தான் 1977-ல் கம்பெனியே ஐந்து நிலை சுவிட்சைக் கொடுத்தது. மூன்று சிங்கிள் காயிலை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதிகமாக ஹம் தருவது இதுதான். இதை அமைதியாக்கக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பொருள்கள்

பிக்கப் ஒவ்வொன்றையும் வாங்கியவுடன் மல்டிமீட்டரில் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கிள் காயில் 5.5 முதல் 7 கிலோ ஓம்வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே வயர் அறுந்திருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய செம்பு வயரைச் சுமார் 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள், ஸ்குரூ டிரைவர் ஒருமுறை வழுக்கினால் போதும்.

பொட்டன்ஷியோ மீட்டர் என்று கேட்டால் ரேடியோ ஸ்பேர்ஸ் கடையில் யோசிப்பார்கள். வால்யூம் கண்ட்ரோல் என்று கேளுங்கள். சிங்கிள் காயிலுக்கு 250 கே (கிலோ ஓம்), இரண்டு காயில் சேர்ந்த பிக்கப்பான ஹம்பக்கருக்கு 500 கே. கும்பகோணத்திலோ திருச்சியிலோ கடையில் 220 கே, 470 கே என்று கொடுத்தால் தயங்காமல் வாங்கலாம். 250 என்று அச்சடித்ததே அளந்தால் 20 சதவீதம் முன்பின் இருக்கும். வால்யூமுக்கு லாக் வகை வேண்டும். லீனியர் போட்டால் திருப்பத் தொடங்கியதுமே ஒலி எகிறிவிடும், அதற்குமேல் திருப்பினாலும் பெரிதாக மாற்றம் தெரியாது. வாங்கும்போதே குமிழையும் மாட்டிப் பாருங்கள். தண்டின் பற்கள் 18, 24 என்று இருவகை, ஒன்றின் குமிழ் மற்றதில் ஏறாது.

டோனுக்கு 0.047 மைக்ரோ ஃபேரட் கப்பாசிட்டர், மேலே 473 என்று போட்டிருக்கும். ஹம்பக்கரானால் 0.022, அதாவது 223. எண்ணெயில் ஊறிய பழங்கால கப்பாசிட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மதிப்பு ஒன்றாக இருந்தால் என் காதுக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. சாதாரண பாலியெஸ்டர் போதும்.

வயர் 22 அல்லது 24 கேஜ், பல இழை. ஜாக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மேடையில் ஆயிரம் முறை செருகி எடுக்கப்போவது அதைத்தான். சால்டரிங் ஈயம் 63/37 அல்லது 60/40 (வெள்ளீயம், ஈயம் கலந்த சதவீதம்), நடுவில் ரெசின் உள்ளது. 63/37 சரியாக 183 டிகிரியில் ஒரே அடியாக உருகி ஒரே அடியாக உறையும், புதிதாகப் பழகுபவர்களுக்கு நல்லது. குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் பேஸ்ட்டைப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள், நாலு மழைக்காலத்தில் இணைப்பை அரித்துவிடும். சால்டரிங் அயர்ன் 60 வாட். 25 வாட்டை வைத்து வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் ஈயம் வைக்க முயன்று, அரை மணி நேரம் சூடாக்கி, உள்ளே இருக்கும் கரித்தடத்தைத்தான் வறுத்தேன்.

துளைகள், பாலிஷுக்கு முன்னால்

வால்யூமும் டோனும் உட்காரும் கண்ட்ரோல் குழியிலிருந்து பிரிட்ஜ் உட்காரும் இடத்துக்கு 3 மில்லிமீட்டர் துளை ஒன்று, பிக்கப் குழிகளுக்கு ஒன்று, ஜாக் குழிக்கு ஒன்று. பலா ஓரளவு மென்மைதான், ஆனால் நீள டிரில் பிட் ரேகை வழியே இழுத்துக்கொண்டு ஓடும். மெதுவாக, அவ்வப்போது வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டுப் போடுங்கள். பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் அரை விரல் அகலத்துக்குப் பாலிஷ் படாமல் காகித டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். பாலிஷ் மின்சாரத்தைக் கடத்தாது. வயரை அடியில் வைத்து அழுத்தினாலும் மேலே பாலிஷ் இருந்தால் தொடர்பு சந்தேகம்தான்.

செம்புத் தகடு ஒட்டுதல்

காற்றில் வரும் இரைச்சலில் இரண்டு வகை. ட்யூப்லைட், எல்.இ.டி. டிரைவர், ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் போன்றவை கிளப்பும் கரகரப்பு மின்புலமாக வருகிறது. கிட்டாரின் குழிகளை உலோகத்தால் மூடி எர்த் செய்தால் இது நிற்கும். 1836-ல் ஃபாரடே காட்டிய கூண்டு இதுதான். டிரான்ஸ்ஃபார்மரும் மோட்டாரும் கிளப்பும் ஆழமான ஹம் காந்தப்புலமாக வருகிறது. அதைச் செம்புத் தகடு தடுக்காது. மோட்டார் கொட்டகை பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் எத்தனை சுற்று தகடு ஒட்டினாலும் ஹம் வரும், கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் குறையும். இது தெரியாமல் தகடு ஒட்டிவிட்டு ஏமாந்தவர்கள் அதிகம்.

பசை உள்ள செம்பு டேப் வாங்குங்கள். குழியின் அடிக்கு முதலில், பிறகு சுவர்களுக்கு. ஒவ்வொரு துண்டும் அடுத்ததன்மேல் அரை சென்டிமீட்டர் ஏற வேண்டும். சுவர்த் துண்டை மேல்விளிம்பில் மடித்து, மூடியின் ஸ்குரூ துளைவரை ஒரு நாக்கு மாதிரி கொண்டுவந்துவிடுங்கள். மூடியின் அடியில் ஒட்டிய தகடு அந்த நாக்கில் உட்கார்ந்தால்தான் கூண்டு முழுமையாகும். மூலைகளில் விரல் நகத்தால் தேய்த்தால் தகடு கிழியும். தஞ்சாவூர் கலைத்தட்டு செய்பவர்கள் தகட்டை அச்சின்மேல் வைத்து, தட்டித் தட்டிப் படிய வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கை வேண்டும். நான் ஐஸ்கிரீம் குச்சியின் முனையை வழவழப்பாகத் தேய்த்து வைத்திருக்கிறேன். செம்பு விளிம்பு பிளேடு மாதிரி, கவனம்.

விற்பவர் என்ன சொன்னாலும் பல டேப்களின் பசை சரியாகக் கடத்துவதில்லை. இன்று கடத்தினாலும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் இரண்டு வருடம் கழித்து என்னாகும் என்று தெரியாது. ஆகவே துண்டுகள் சேரும் இடத்திலெல்லாம் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். பிறகு மீட்டரைக் கன்டினியூட்டியில் (தொடர்பு இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலை) வைத்து, ஒரு முனையை ஒரு மூலையிலும் மறுமுனையை எதிர்மூலையிலும் வையுங்கள். 'பீப்' கேட்காத துண்டு இருந்தால் அது தகடு இல்லை, ஆன்டெனா.

பிக்கப் குழிகள் தனியாக இருந்தால் அவற்றின் தகட்டையும் ஒரு வயர் போட்டுக் கண்ட்ரோல் குழியோடு சேர்க்க வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்கள், ஈயம் வைத்து முடித்தபின் தகட்டின்மேல் லேசாக வார்னிஷ் பூசுங்கள், களிம்பு ஏறாது. மூடி தொடும் நாக்கில் மட்டும் பூசக்கூடாது.

ஈயம் வைக்கும் கை

ஃபேனை நிறுத்துங்கள். தஞ்சாவூர் சித்திரை வெயிலில் இது கொடுமைதான். ஆனால் காற்று பட்டால் ஈயம் மேலே உறைந்து உள்ளே ஒட்டாமல் நிற்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, விடியற்காலையில் உட்காருங்கள்.

முதலில் அயர்னின் முனையில் புதிய ஈயம் தொட்டுப் பளபளவென்று ஆக்குங்கள். கறுத்த முனை சூட்டைக் கடத்தாது. வயரின் முனையைச் சீவி முறுக்கி அதற்குத் தனியாக ஈயம் பூசுங்கள். தொட வேண்டிய காலுக்கும் தனியாகப் பூசுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து மூன்று நொடி சூடு காட்டினால் ஒன்றோடொன்று கலந்துவிடும். அயர்னில் ஈயத்தை உருக்கி எடுத்துப் போய் வயரில் அப்புவது தப்பு. உறையும்வரை வயரை அசைக்காதீர்கள். மங்கிச் சொரசொரப்பாகத் தெரிந்தால் திரும்பச் சூடாக்குங்கள்.

கண்ட்ரோலின் முதுகைத் தனியாகக் கவனிக்க வேண்டும். உப்புத்தாளால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நன்றாகத் தேய்த்து, 60 வாட் முனையைப் படுக்கையாக வைத்து, ஒரு சிறு குளம் மாதிரி ஈயம் கட்டுங்கள். ஐந்து நொடிக்குள் ஒட்டவில்லையென்றால் எடுத்துவிடுங்கள், ஆறட்டும், மறுபடி தேயுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் காபி டம்ளரைத் தொடாதீர்கள், அது ஈயம்.

வயரிங்

கண்ட்ரோலை முதுகு மேலே தெரியும்படியும் மூன்று கால்களும் உங்கள் பக்கம் பார்க்கும்படியும் வையுங்கள். வலக்கைக்காரர் வாசிக்கும் கிட்டாரில் இடது கால் உள்ளே வரும் சிக்னல், நடுக்கால் வெளியே போவது, வலது கால் எர்த். வால்யூமின் வலது காலை வளைத்து முதுகோடு சேர்த்து ஈயம் வைத்துவிடுங்கள். வால்யூமைக் குறைக்கும்போது சிக்னல் இங்கேதான் போய்ச் சேரும்.

டோன் கண்ட்ரோலில் இரண்டு கால்தான் வேலை செய்யும். வால்யூமின் இடது காலிலிருந்து ஒரு வயர் டோனின் நடுக்காலுக்கு. டோனின் வலது காலிலிருந்து கப்பாசிட்டர் அதன் முதுகுக்கு. கப்பாசிட்டருக்குத் தலைகீழ் என்று எதுவும் இல்லை, எப்படி வைத்தாலும் சரி. கால்களில் மட்டும் ஸ்லீவ் மாட்டுங்கள், மூடியை மூடும்போது தகட்டில் படக்கூடாது. டோனின் முதுகிலிருந்து வால்யூமின் முதுகுக்கு ஒரு எர்த் வயர்.

சுவிட்சுக்கு வருவோம். ஒரே வரிசையில் எட்டு கால் உள்ள பெட்டி வகையும், இரு பக்கமும் நாலு நாலு கால் உள்ள திறந்த வகையும் கிடைக்கின்றன. கால் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள். எட்டில் பாதிதான் நமக்கு வேண்டும், மற்ற நாலு அதே வேலையைச் செய்யும் இன்னொரு பிரிவு. சுவிட்சை ஒரு கோடிக்குத் தள்ளி எந்த இரு கால்கள் பேசுகின்றன என்று பாருங்கள். நடுவிலும் மறுகோடியிலும் அதே மாதிரி பாருங்கள். மூன்று முறையும் ஜோடியில் வந்த கால்தான் பொது. அது வால்யூமின் இடது காலுக்குப் போகிறது. மற்ற மூன்றும் பிக்கப்களுக்கு.

பிக்கப்பில் பெரும்பாலும் வெள்ளை வயர் சிக்னல், கறுப்பு எர்த். கறுப்பு மூன்றும் வால்யூமின் முதுகுக்கு. வெள்ளைகளை ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு, இதைத் தாண்டிப் போகாதீர்கள். மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, சிவப்பு முனையை வெள்ளையிலும் கறுப்பைக் கறுப்பிலும் பிடித்து, இரும்பு ஸ்குரூ டிரைவரை பிக்கப்பின் மேல் ஒட்டவிட்டு வெடுக்கென்று இழுங்கள். எண் ஒரு நொடி ஏறும் அல்லது இறங்கும். மூன்று பிக்கப்பிலும் ஒரே பக்கம் போக வேண்டும். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் போனால் அதன் வெள்ளையையும் கறுப்பையும் மாற்றிப் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பிக்கப் சேரும் நிலைகளில் ஒலி ஒன்றையொன்று தின்று, தகர டப்பாவில் வாசித்தது மாதிரி கேட்கும். செட்டாக வாங்கும்போது, நடு பிக்கப் காந்தமும் சுற்றும் தலைகீழாகச் செய்ததா என்று கேளுங்கள். அப்படியென்றால் இரண்டு பிக்கப் சேரும் இரண்டாம், நான்காம் நிலைகளில் ஹம் தானாகவே அடங்கிவிடும். காந்தம், சுற்று இரண்டுமே தலைகீழ் என்பதால் ஸ்குரூ டிரைவர் சோதனையில் அது மற்ற இரண்டோடு ஒரே பக்கம்தான் போகும்.

ஹம்பக்கர் போடுபவர்களுக்கு இரண்டு வரி. கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955-ல் செய்தது இதே தந்திரம், இரண்டு காயிலையும் ஒரே பெட்டிக்குள் வைத்தார். நாலு வயர் உள்ளவற்றில் சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல், பச்சை எர்த், சிவப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேர வேண்டும். டிமார்ஸியோவில் சிவப்பு சிக்னல், பச்சை எர்த், கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும். உறையில்லாத வெற்று வயர் எந்தக் கம்பெனியானாலும் எர்த்துக்குத்தான்.

பிரிட்ஜுக்குப் போகும் வயர். நிலையான பிரிட்ஜானால் வயரின் முனையை 3 சென்டிமீட்டர் சீவி, இழைகளை விசிறி மாதிரி விரித்து, பாலிஷ் படாத இடத்தில் வைத்து பிரிட்ஜை இறுக்குங்கள். டிரெமலோ (கைப்பிடியால் அசையும் பிரிட்ஜ்) இருந்தால் பின்பக்க ஸ்பிரிங் மாட்டும் இரும்புத் தகட்டில் தேய்த்து ஈயம் வையுங்கள். மறுமுனை வால்யூமின் முதுகுக்கு. குழியின் செம்புத் தகட்டிலிருந்தும் ஒரு வயர் அங்கேயே.

எல்லா எர்த்தும் ஒரே புள்ளியில்தான் சேர வேண்டும், இல்லாவிட்டால் சுற்றுப்பாதை உண்டாகி ஹம் வரும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். கண்ட்ரோலின் நட்டு வழியாகத் தகட்டைத் தொடுகிறது, வயர் வழியாகவும் தொடுகிறது, இரண்டு பாதையாயிற்றே என்று ஒரு வாரம் நானும் தூங்கவில்லை. ஒரு சாண் குழிக்குள் அந்தச் சுற்று பிடிக்கும் ஹம், 8,000 சுற்று காயில் பிடிப்பதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எர்த் சுற்றுப்பாதை நிஜமாகவே தொல்லை தரும் இடம் வேறு: ஆம்ப் ஒரு பிளக்கிலும் லேப்டாப் இன்னொரு பிளக்கிலும் இருந்து இரண்டையும் ஒரே கேபிள் இணைக்கும்போது.

கடைசியாக ஜாக். நீண்ட வளைந்த நாக்கு பிளக்கின் நுனியைத் தொடும், அதற்கு வால்யூமின் நடுக்கால். பிளக்கின் உடலைத் தொடும் உள்வளையத்தின் காலுக்கு எர்த். தூரம் ஒரு சாணுக்கு மேல் இருந்தால் இங்கே மட்டும் சல்லடை வயர் போடுங்கள். நாக்கு பிளக்கைப் போட்டதும் வெளியே நீளும், அது தகட்டில் முட்டினால் ஒலியே வராது. அந்த இடத்தில் தகட்டின்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

மூடுவதற்கு முன்

கிட்டார் கேபிளைச் செருகி, மறுமுனை பிளக்கில் மீட்டரை வையுங்கள். வால்யூமும் டோனும் முழுதாகத் திறந்திருக்கட்டும். பிக்கப் தனியாக இருக்கும் நிலையில், தாளில் குறித்த எண்ணைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். 6 கிலோ ஓம் பிக்கப் 5.86 அளவில் வரும், ஏனென்றால் 250 கே கண்ட்ரோல் பக்கத்தில் நிற்கிறது. இரண்டு பிக்கப் சேரும் நிலையில் ஏறக்குறைய பாதி, 3-க்குச் சற்றுக் கீழே. வால்யூமைக் குறைத்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தால் மீட்டரும் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். டோனைத் திருப்பினால் எண் மாறக்கூடாது, மாறினால் கப்பாசிட்டர் ஷார்ட்.

பிறகு பிளக்கின் உடலில் ஒரு முனையை வைத்துக்கொண்டு மறுமுனையால் ஒவ்வொரு தந்தியையும், ஒவ்வொரு கண்ட்ரோலின் முதுகையும், சுவிட்ச் சட்டத்தையும், தகட்டின் எல்லா மூலைகளையும் தொடுங்கள். மீட்டர் வயரின் சொந்த எதிர்ப்பைக் கழித்தால் 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். எங்காவது 20, 30 என்று காட்டினால் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. இப்போதே சரிசெய்யுங்கள், மூடியபின் அது உங்களை மேடையில்தான் தேடி வரும்.

கேட்டுக் கண்டுபிடித்தல்

தந்தியைத் தொட்டால் ஹம் குறைந்து, கையை எடுத்தால் ஏறுகிறதா? அது பழுதில்லை. நம் உடம்பே ஒரு ஆன்டெனா. அறையில் இருக்கும் இரைச்சலை வாங்கிப் பிக்கப்பின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. தந்தியைத் தொட்டதும் உடம்பும் எர்த்தோடு சேர்ந்து அமைதியாகிவிடுகிறது. கையை எடுத்ததும் ரொம்பவே ஏறினால் தகட்டில் எங்கோ ஓட்டை.

தொட்டால் ஹம் கூடுகிறதென்றால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பிரிட்ஜ் வயர் இல்லை, என் முதல் கிட்டார் மாதிரி. ஒரு கண்ட்ரோலின் தண்டைத் தொட்டால் அடங்கி, தந்தியைத் தொட்டால் அடங்கவில்லையென்றாலும் அதே கதைதான். ஒரே ஒரு சுவிட்ச் நிலையில் மட்டும் கத்தினால் அந்தப் பிக்கப்பின் கறுப்பு வயரைப் பாருங்கள்.

கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் மட்டும் கரகரவென்று வருகிறதா? கிட்டாரைப் பிரிக்காதீர்கள். விலை குறைந்த இன்வெர்ட்டர் தருவது சதுர அலை, அதன் கூர்முனைகள் எதிலும் நுழையும். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது இரைச்சலின் குரல் மாறினால் குற்றவாளி அதுதான். ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்தால் அடங்கும்.

மேடையில் எர்த்

1972-ல் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார்காரர் லெஸ்லி ஹார்வி, வேல்ஸில் உள்ள ஸ்வான்சியில் மேடையில் மைக்கைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி இறந்தார். 1976-ல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டில் எர்த் சரியில்லாத கிட்டாரை வாசிக்கும்போது அதே மாதிரி இறந்தார். கையில் தந்தி, உதட்டில் மைக். இரண்டுக்கும் நடுவே உங்கள் இதயம்.

நம் ஊர்த் திருவிழாக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். மைக்செட்டுக்கு ஜெனரேட்டர், கிட்டார் ஆம்புக்குப் பக்கத்து வீட்டு லைன். இடையில் மூன்றாவது பின் ஒடிக்கப்பட்ட பிளக், அல்லது இரண்டு பின் சாக்கெட்டில் தீக்குச்சி வைத்துச் செருகிய வயர். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கோயில் விழாவில் பாட வாய் வைத்ததும் உதட்டில் எறும்பு கடித்தது மாதிரி ஜிவ்வென்றது. நான் வேர்வை என்று நினைத்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் தந்திக்கும் மைக் வலைக்கும் நடுவே 90 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் இல்லாத ஆம்பின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர் கசிந்தாலே இப்படி ஒரு எண்ணும் லேசான ஜிவ்வும் வரும், அது கொல்லாமலும் இருக்கலாம். மின்சாரம் வரும் ஃபேஸ் வயர் சேசிஸைத் தொட்டாலும் மீட்டரில் எண்தான் வரும். மேடையில் நின்றுகொண்டு இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது, ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எர்த் குழியை எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டெல்டா வண்டல் மண் ஈரமாக இருக்கும்வரை நல்ல எர்த் தரும். ஆறு காய்ந்து கிடக்கும் மாதங்களில் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மின்கசிவு வந்ததும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மெயின் போர்டில் இருக்கட்டும். ஆம்பின் மூன்றாவது பின்னை ஹம் குறையும் என்று யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். சுற்றுப்பாதை ஹம் அதனால் குறையும் என்பது உண்மைதான், அப்படிக் குறைக்க அந்த விலை கொடுக்கக்கூடாது.

மேடைக்குப் போனதும் நான் செய்வது இது. ஆம்பையும் மைக்செட்டையும் ஒரே போர்டிலிருந்து எடுக்கச் சொல்வேன். கிட்டாரைச் செருகி, எதையும் தொடாமல், மீட்டரை 750 ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை தந்தியில், மறுமுனை மைக் வலையில். ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் கிட்டாரைத் தோளில் மாட்டுவேன். மேலே போனால் பையில் பேட்டரி வயர்லெஸ் இருக்கிறது. அதைப் போட்டால் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே உலோகத் தொடர்பே இல்லை. பஞ்சு உறை மாட்டிய மைக்கை வைக்கச் சொல்வேன், உதடு வலையில் படாது. வயர்லெஸ் கொண்டுவர மறந்த நாளில் மைக்செட்காரரிடம் நல்ல பிளக் ஒன்று கேட்பேன், அதை அவர் மாட்டி முடித்து, மீட்டர் இறங்கும்வரை கிட்டார் பையில்தான் இருக்கும்.